தலைவர் வீட்டுக்காரர் என்றொரு பாத்திரம்

பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் சொல்லப்பட்ட பத்துப் பருவங்களில் கடைசி மூன்றில் ஒன்று சிற்றில். தெருவில் சிறுமிகள் மணலால் வீடு கட்டி, மணலையே சோறாக்கி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் அதைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுகிறார்கள். அந்தக் கெஞ்சல்தான் அந்தப் பருவத்தின் பாடல். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்திலும் இதே காட்சி வருகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் இதற்கு இணையான பருவம் கிடையாது. பெண் குழந்தை அம்மானை ஆடுவாள், நீராடுவாள், ஊசலாடுவாள். எதையும் உடைக்கமாட்டாள்.

இதைப் பக்திச் சுவையாகவும் குழந்தைமையின் அழகாகவும் படித்துப் பழகியிருக்கிறோம். கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் இது ஒரு பாவனை விளையாட்டு. அதில் பாத்திரங்கள் முன்பே பங்கிடப்பட்டுவிட்டன. கட்டுவது யார், உடைப்பது யார், கெஞ்சுவது யார் என்பதை விளையாட்டு தொடங்கும் முன்பே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். செப்புச் சாமான் வைத்துச் சமைக்கும் நம் வீட்டுச் சிறுமிக்கும் அந்த முடிவுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பாத்திரமேற்று நடித்தல், மாதிரி கிராம சபை, மாதிரி வாக்குப்பதிவு, மாதிரிச் சந்தை, இளைஞர் நாடாளுமன்றம் என்று பாவனை விளையாட்டு இன்று நம் வகுப்பறைக்குள் பாடமாகவே வந்துவிட்டது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடலையும் பாடலையும் பொம்மலாட்டத்தையும் சிறு வகுப்புகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. மேல்வகுப்புப் பாடநூல்களின் செயல்பாட்டுப் பகுதிகளில் ‘நடித்துக் காட்டுக’ என்ற கட்டளையை அடிக்கடி பார்க்கலாம். மனப்பாடத்தைவிட இது எவ்வளவோ மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதை ஆதரிப்பவர்கள் எப்போதும் சொல்லும் காரணம், குழந்தை அனுபவித்துக் கற்கிறது என்பது. என் கேள்வி அந்த வாக்கியத்தின் மேல்தான். எந்தக் குழந்தை, எந்தப் பாத்திரத்தை, யார் கொடுத்து, அனுபவிக்கிறது?

பொன்னமராவதி பேரூராட்சி என்பதால் ஊருக்குள் கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை நடந்துவந்த கூட்டத்தோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாள்களும் சேர்ந்தன. அந்த ஊராட்சிகளில் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில், எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்து மாதிரி கிராம சபை நடத்தினார். என்னையும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.

அவர் அக்கறையாகத்தான் தயாரித்திருந்தார். சீட்டெழுதி மடித்துப் போட்டு, பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தார். தலைவர் சீட்டு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வந்தது. ஊராட்சிச் செயலர், வார்டு உறுப்பினர்கள், வட்டார அலுவலகத்திலிருந்து வந்தவர், பொதுமக்கள் என்று மற்றவர்களுக்கு. தலைவர் எழுந்து, “எல்லாருக்கும் வணக்கம்” என்றாள். அடுத்த நொடி ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், சீட்டு எதுவும் வராதவன், எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். தோளில் துண்டு போடுவதுபோல ஒரு பாவனை. “ம்ம், சொல்லுங்க. என்ன பிரச்சினை ஒங்க தெருவுல?” என்றான் கூட்டத்தைப் பார்த்து. அவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று வந்த கேள்விகள் எல்லாம் அவனைப் பார்த்தே கேட்கப்பட்டன. தலைவர் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். செயலராக நடித்தவன் தீர்மானப் புத்தகத்தை அவள் முன் நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள். இதையும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஆசிரியர் பையனை அதட்டினார். “ஒனக்கு யாருடா இந்த வேஷம் குடுத்தது? எறங்கு” என்றார். அவன் இறங்கினான். அதன்பின் கூட்டம் பாடநூலில் இருப்பதுபோல நடந்து முடிந்தது. தலைவர் பேசினாள், எல்லோரும் கேட்டார்கள், தீர்மானம் நிறைவேறியது, கைதட்டினார்கள்.

அன்றைக்கு அந்த வகுப்பறையில் நடந்த கல்வி, அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்த ஐந்து நிமிடம்தான் என்பது என் எண்ணம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கொடுத்தது. 2016இல் அது பாதியானது. சட்டம் எழுதிய பாத்திரப் பட்டியலில் தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, செயலர் உண்டு. ‘தலைவர் வீட்டுக்காரர்’ கிடையாது. ஆனால் ஊரில் அவர் இருக்கிறார்; பலகையில் பெயர் இல்லாமலேயே நாற்காலியில் இருக்கிறார். பெரியவர்கள் எழுதிய நாடகத்தில் விடுபட்டுப்போன பாத்திரத்தைக் குழந்தைகள் தாங்களாகவே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். நமக்கு அது ஒழுங்கீனமாகத் தெரிந்தது. அதட்டி இறக்கினோம்.

வகுப்பறைப் பாவனைகளின் மீது எனக்குள்ள முதல் குறை இதுதான். அவை சட்டத்தை நடிக்கின்றன, சமூகத்தை நடிப்பதில்லை. சட்டத்தில் எல்லோரும் குடிமக்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 பேர் வரை என்றால் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். இந்தக் கணக்கில் ஆண், பெண், மாமனார், மருமகள் என்று எதுவும் இல்லை. ஆனால் நம் பெண்கள் எந்தக் கூட்டத்திலும் வெறும் குடிமகளாக உட்காருவதில்லை. யாரோ ஒருவருடைய மகளாக, மருமகளாக, கொழுந்தியாளாக உட்காருகிறார்கள்.

கூட்டம் முடிந்தபின் ஆசிரியரோடு உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். இந்தப் பெண்களுக்கு வாக்குரிமை வர இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள்ளோ, அதற்குப் பின் கொஞ்ச காலத்திலோ பலருக்குத் திருமணமாகிவிடும். பெயர் வேறொரு ஊரின் பட்டியலுக்குப் போய்விடும். பிறந்த ஊரின் தண்ணீர்த்தொட்டி எங்கே இருக்கிறது, எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று தெரிந்த பெண், தனக்கு எதுவும் தெரியாத ஊரில், தலையைக் குனிந்து நடக்க வேண்டிய இடத்தில், முதன்முதலாகக் கிராம சபை உறுப்பினர் ஆகிறாள். பையன்களுக்கு இந்த இடப்பெயர்ச்சி இல்லை. அவன் நடித்த ஊரிலேயே நிஜமாகப் பேசுவான். பள்ளிக்கூடத்து மாதிரி சபை அவனுக்கு ஒத்திகை. அவளுக்கு அது திரும்ப வராத ஊரின் நாடகம்.

ஆகவே அடுத்த வாரம் அவர் மறுபடி நடத்தியபோது ஒரு சிறு மாற்றம் செய்தார். கேள்வி கேட்கும் பெண்களிடம், நீ இந்த ஊருக்கு மருமகளாக வந்து மூன்று மாதம் ஆகிறது, முன்வரிசையில் உன் மாமனார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். போன வாரம் சத்தமாகத் தெருவிளக்கு பற்றிக் கேட்டவள் எழுந்தாள். “மாமா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “பின்னாடித் தெருவுல லைட்டு எரியலன்னு அத்தை சொல்லச் சொன்னாங்க” என்றாள். அத்தை அப்படி எதுவும் சொல்லவில்லை. அத்தை என்ற பாத்திரமே அங்கு இல்லை. கேள்வியை இன்னொரு பெண்ணின் பெயரில் ஏற்றிவிட்டால் தன் மேல் பழி வராது என்பதைப் பதின்மூன்று வயதில் அவள் கண்டுபிடித்திருந்தாள். அல்லது அம்மாவைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தாள்.

அவள் கேட்டது தந்திரமா, பயமா என்று வகுப்பில் வாதம் நடந்தது. “பயந்தாலும் கேட்டுட்டால்ல?” என்றாள் ஒருத்தி. “அத்தைக்கும் பயம் இருந்தா என்ன பண்ணுவா?” என்றாள் இன்னொருத்தி. வகுப்பறைப் பாவனையால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு கேள்விகளையும் சொல்வேன். விளையாட்டு முடிந்தபின் நடந்த பேச்சில்தான் இவை கிடைத்தன. கைதட்டோடு முடித்திருந்தால் கிடைத்திருக்காது.

இதை உலக அளவில் ஒரு கலையாகவே வளர்த்தவர் பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால். ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்று அவர் பெயரிட்ட முறையின் முக்கியமான வடிவம் பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் அவள் கணவன் சில காகிதங்களைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறான். முக்கியமான ஆவணம் என்று அவளும் பாதுகாக்கிறாள். பின்னர் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, அவை அவனுடைய காதலி அவனுக்கு எழுதிய கடிதங்கள் என்று தெரிகிறது. அவள் என்ன செய்ய வேண்டும்? நடிகர்கள் பார்வையாளர்களிடம் யோசனை கேட்டு, சொன்னபடி நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் எந்த நடிப்பும் திருப்தி தரவில்லை. நான் சொன்னது இதுவல்ல என்று கோபப்பட்டாள். கடைசியில் போவால் அவளையே மேடைக்கு வந்து செய்துகாட்டச் சொன்னார். அவள் துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவனை அடித்துத் தீர்த்தாள். பார்ப்பவர் எழுந்து நடிப்பவராகும் மன்ற அரங்கு அப்படித் தொடங்கியது.

இந்தக் கதை பயிற்சிக் கூட்டங்களில் நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் தெரிவது வேறு. எழுத்தறியாத மனைவி என்ற பாத்திரத்துக்கு வசனம் எழுதும் உரிமை யாருக்கு என்ற சண்டை அது. நல்ல எண்ணம் கொண்ட நடிகர்கள் அவள் சார்பில் நடித்தார்கள், அவள் சொன்னதைத் தங்களுக்குப் புரிந்த அளவில் மென்மையாக்கி நடித்தார்கள். அவள் எழுந்து போய் அந்தப் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொள்ள இடம் இருந்தது என்பதே அந்த அரங்கின் சிறப்பு. நம் வகுப்பறை நாடகங்களில் அந்த இடம் இருக்கிறதா? ‘இந்த வசனத்தை நான் சொல்லமாட்டேன்’ என்று ஒரு பெண் குழந்தை சொன்னால், அதற்கு ஆசிரியர்கள் என்ன பெயர் வைக்கிறார்கள்? பெரும்பாலும் ‘கூச்சம்’.

எழுத்தறிவு என்றதும் நம் மாவட்டத்துக்கு வந்தாக வேண்டும். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அதற்கு முந்தைய ஆண்டின் பாரத ஞான விஞ்ஞான ஜாதா ஊர் ஊராக நாடகம் போட்டுப் பாதை அமைத்திருந்தது. கலைப்பயணக் குழுக்கள் நடித்த குறுநாடகங்களில் கைநாட்டு வைத்து நிலத்தை இழப்பவர்கள், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்கத் தெரியாமல் தவிப்பவர்கள் போன்ற பாத்திரங்கள் வந்தன. அவற்றைப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெண்கள் நினைவில் வைத்திருப்பது நாடகத்தை அல்ல, சைக்கிளை.

அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் மிதிவண்டி கற்பதை எழுத்தறிவின் ஒரு பகுதியாக்கினார். மாலை நேரங்களில் பொட்டல்களில் பெண்கள் விழுந்து எழுந்து பழகினார்கள். அதற்கென்றே ஒரு பாட்டு வந்தது, ஊரெல்லாம் பாடியது. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். இதை எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல், பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே வசதியாகவும் இருந்தது. அவருடைய கட்டுரையின் இந்தி வடிவத்தை என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்புப் பாடநூலில் வைத்தது. வடக்கே பல லட்சம் குழந்தைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள்.

நாடகத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன வேறுபாடு? நாடகத்தில் எழுத்தறியாப் பெண் என்பது ஒரு பாத்திரம். அதை வேறொருவர் நடித்தார். சைக்கிளில் யாருக்கும் யாரும் பதிலாள் ஆக முடியாது. பொட்டலில் பழகியது மறுநாள் தண்ணீர்க்குடத்தோடு, விற்கக் கொண்டுபோகும் காய்கறியோடு, பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு சாலையில் நிஜமாக உருண்டது. கேலி பேசியவர்களும் நிஜம், விழுந்த காயமும் நிஜம். பாவனை என்று அதில் இருந்தது, பின்னால் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடும் அந்த ஒரு நிமிடம் மட்டும்தான். வகுப்பறை விளையாட்டை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை. நடித்துப் பழகிய அதிகாரத்தை அந்தப் பெண் நாளைக்கு எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவாள்? அதற்கு ஒரு சாலை இருக்கிறதா?

அறிவொளியையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆட்சியரின் ஆணையும் அரசின் வண்டியும் பின்னால் நின்றதால் வீட்டு ஆண்கள் அடங்கிப்போனார்கள் என்பதும் உண்டு. இயக்கத்தின் வேகம் தணிந்த பின் எழுத்துகள் பலருக்கு மறந்துபோயின. சைக்கிள் மறக்கவில்லை. தினமும் ஓட்ட வேண்டிய தேவை இருந்ததால்தான் அது தங்கியது. மாதிரி சபையில் பேசியவள் அதன்பின் ஐந்தாண்டுகள் எங்குமே பேச வாய்ப்பில்லை என்றால், அந்தப் பேச்சும் மறந்த எழுத்தாகிவிடும்.

இனி மற்றொரு வகை விளையாட்டு. இதில் என் மறுப்பு கடுமையானது. பிறரின் துன்பத்தை உணரவைப்பதற்காகத் துன்பத்தையே நடிக்கச் செய்வது. இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் செய்த பயிற்சி. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, தன் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்தார். ஒரு நிறக் கண்ணுடையவர்கள் உயர்ந்தவர்கள் என்றார். பின்னர் அதைத் தலைகீழாக மாற்றினார். அவர்கள் எல்லோரும் வெள்ளைக் குழந்தைகள். நிறவெறி எதுவென்று அதற்குமுன் உடம்பால் அறியாதவர்கள். அந்தப் பயிற்சி சரியா என்று அங்கேயே இன்னும் சண்டை நடக்கிறது. எட்டு வயதுக் குழந்தைகளின் சம்மதம் இல்லாமல் அவர்களை அழவைக்கலாமா என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை.

அதை இங்கே கொண்டுவந்து, நீ மேல்சாதி, நீ கீழ்சாதி, இது இரட்டைக் குவளை என்று நடிக்கவைத்த வகுப்புகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நம் வகுப்பறை அயோவா அல்ல. இங்கே எல்லாக் கண்களும் ஒரே நிறம் அல்ல. தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில்தான் அது வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து அங்கே ஆட்சியர் ஆய்வுக்குப் போனபோது, தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் தெரியவந்தது. இந்த மாவட்டத்தின் வகுப்பில் குவளையை நடிக்கவைத்தால், ஒரு குழந்தைக்கு அது ‘பாவனை’, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது வீடு. தெரிந்தவளுக்கு நடித்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. தெரியாதவளுக்கோ, ஒரு மணி நேர நடிப்பு தெரிந்துவிட்டதென்ற நிம்மதியைத் தருகிறது. அந்த நிம்மதி ஆபத்தானது.

‘ஓர் அடி முன்னால்’ விளையாட்டும் இப்படித்தான். ஆளுக்கொரு அட்டை கொடுத்து, ‘இரவில் பயமின்றி வெளியே போக முடியும் என்பவர்கள் முன்னால் வாருங்கள்’ என்பார்கள். கல்குவாரித் தொழிலாளி என்ற அட்டை, அம்மா குவாரியில் கல் உடைக்கும் பெண்ணின் கைக்கே வந்து சேரக்கூடிய ஊர் இது. முடிவில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கச் சொல்வார்கள். அவள் கடைசியில் நின்றுகொண்டிருப்பாள். நடித்தா, நடிக்காமலா என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

பெண்ணின் விஷயத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. 2019 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் பரவிய ஓர் ஒலிப்பதிவு, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசியது. அதையொட்டிப் பொன்னமராவதியில் கலவரம் மூண்டது, 144 தடையுத்தரவு போடப்பட்டது. சாதிச் சண்டையின் முதலாகப் பெண்ணின் மானம் வைக்கப்படும் ஊரில், சாதியும் பெண்மையும் கலந்த பாத்திரத்தை ஒரு மாணவிக்குக் கொடுப்பது வகுப்பறைக்குள் முடிகிற காரியம் அல்ல. மணி அடித்ததும் அந்தப் பாத்திரம் அவளோடு சேர்ந்து தெருவுக்கு வரும். அதே பெயரால் அவளைக் கூப்பிடுவார்கள்.

வேடத்துக்கு நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு. ஸ்பெஷல் நாடகம் வேரூன்றிய ஊர்களில் புதுக்கோட்டையும் ஒன்று. அதன் நடிகைகள் மேடையில் ராணியாக நின்றாலும், மேடைக்கு வெளியே அவர்களுக்குக் கிடைத்த மரியாதை வேறு. ‘கூத்தாடி’ என்பது இன்றும் வசைச்சொல். பெண் பிள்ளை பள்ளியில் நடிக்கக் கூடாது என்று அம்மாக்கள் தடுப்பதற்குப் பின்னால் இந்த வசையின் நினைவு இருக்கிறது. அதே மேடையின் இன்னொரு மிச்சம், சேலை கட்டிய பையனுக்கு வகுப்பில் கிடைக்கும் சிரிப்பு. வரதட்சிணை நாடகத்தில் மாமியாராகப் பையன் வந்தால் அரங்கம் அதிர்கிறது. மருமகளாக அழும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. வரதட்சிணையை எதிர்க்கவென்று போட்ட நாடகம், மாமியாரைக் கேலி செய்து முடிகிறது. பணம் கேட்ட ஆண்கள் யாருக்கும் அதில் வசனமே இருப்பதில்லை.

மீசை வரைந்துகொள்ளும் பெண்ணின் கதை வேறு. அவளைப் பார்த்தும் சிரிக்கிறார்கள். ஆனால் அவள் காலை அகற்றி உட்காருகிறாள், குரலைத் தாழ்த்தாமல் பேசுகிறாள், குறுக்கே பேசுபவரை நிறுத்துகிறாள். கீழ்நோக்கி வேடம் போடுவது சிரிப்பாகிறது, மேல்நோக்கி வேடம் போடுவது பயிற்சியாகிறது. துன்பத்தை நடிக்கவைப்பதைவிட அதிகாரத்தை நடிக்கவைப்பது பெண்களுக்கு ஏன் பயன்படுகிறது என்பதற்கு இதுவே என் விளக்கம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் தலையீட்டால்தான் உள்ளே போனார். 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக அமர்ந்தார். அவருக்கு ஒத்திகை பார்க்க எந்த மாதிரி சபையும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது, அதில் நம் பெண்களுக்கு என்ன இருக்கை கொடுக்கிறோம் என்பதே கேள்வி. இளைஞர் நாடாளுமன்றங்களில் சபாநாயகர் யார், வரவேற்புரை யார், பூங்கொத்து யார் என்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்பில் விளையாட்டு நடத்தும் ஆசிரியர்களுக்கும், நாளை ஆசிரியர்களாகப் போகும் மாணவிகளுக்கும் என் கோரிக்கைகள் சிலதான். பாத்திரத்தைக் கொடுக்கும் முன், வகுப்பில் யாருக்கு அது பாத்திரம் அல்ல என்று யோசியுங்கள். வேண்டாம் என்று சொல்லவும், நடுவில் நிறுத்தவும், வசனத்தை மாற்றவும் குழந்தைக்கு உரிமை கொடுங்கள். அந்த உரிமையை முதலில் சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடங்குங்கள். நடிக்கும் நேரத்துக்குச் சமமாகப் பேசும் நேரம் வையுங்கள். பட்டியலில் இல்லாத பாத்திரம் தானாக எழுந்து வந்து உட்கார்ந்தால் அதட்டாதீர்கள். அங்கே நிறுத்தி, இவர் யார், இவருக்கு நாற்காலி கொடுத்தது யார், ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவர் கையெழுத்துப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது, இவர் போடலாம் என்று எங்கே சொல்கிறது என்று வகுப்பைக் கேளுங்கள்.

நான் சொன்ன ஆசிரியர் அடுத்த முறைக்கான சீட்டுகளை எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த முறை ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்ற சீட்டும் அதில் இருக்கும். அதைக் குலுக்கலில் போடப் போவதில்லை, ஒரு பெண்ணிடமே கொடுக்கப் போகிறேன் என்றார். தலைவராக ஒரு பையன் இருப்பானாம். பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேச வேண்டியதையெல்லாம் அவள் பேசுவாளாம். அப்போது வகுப்பு எங்கே சிரிக்கிறது, எங்கே சிரிப்பை நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ள என்னை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.